மருந்து ரூமுக்கு நாலு கதவு

மருமகனே, போனை அங்கிட்டு வை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தா அது ஒண்ணும் கெட்டுப்போகாது. 2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை நடந்த நாலு நாள் நீ பண்ணின அலப்பறையை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். திருத்தங்கல் டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு லாகூருக்கு வழி சொன்னே. கராச்சித் துறைமுகமே அழிஞ்சு போச்சுன்னு டிவிக்காரன் சொன்னதை நீ ஊரெல்லாம் சொன்னே. மறுநாள் பாத்தா துறைமுகம் இருந்த இடத்துல அப்படியே இருக்கு. "ஒரு அணுகுண்டைத் தூக்கிப் போட்டாத்தான் மாமா அடங்குவாய்ங்க"ன்னுட்டு டீயை ஊதி ஊதிக் குடிச்சியே! டீச்சூட்டையே தாங்காத வாய்க்கு அணுகுண்டு கேக்குது.

அதுவும் எங்க வந்து சொல்றே? நம்ம ஊர்ல வந்தா அணுகுண்டைப் பத்திச் சொல்றது? நாம செஞ்சு வித்த அணுகுண்டு எண்ணிக்கைக்கு அமெரிக்காக்காரன், ரஷ்யாக்காரன் ரெண்டு பேரும் பக்கத்துல நிக்க முடியாது. சணலை இறுக்கிச் சுத்தி, பச்சைச் சாயத்தைப் பூசி, திரியைச் சொருகி, டப்பாவுல அடுக்கி டெல்லி வரைக்கும் அனுப்புனவங்க நாம. அந்தச் சின்னக் குண்டுக்கே சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தா 125 டெசிபலுக்கு மேல சத்தம் வரக் கூடாது. நெசமான குண்டை எத்தனை மீட்டர் தள்ளி நின்னு அளக்கிறது, அளந்ததை யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னு எந்த ஆபீசரும் இன்னும் சுற்றறிக்கை விடலை.

2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட் ஆகாது, சரவெடி ஆகாதுன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. கும்பிட்டு ஏத்துக்கிட்டோம். பச்சைப் பட்டாசுக்கு மாறினோம். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ்னு மூணு வகையில எதை வச்சிருந்தாலும் எத்தனை கிலோ மருந்து, எத்தனை அறை, எத்தனை ஆள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் தொழில் பண்றோம். பேரியத்துக்கு இத்தனை கேள்வி கேட்ட உலகத்துல யுரேனியம் வச்சிருக்கவனை வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்க ஒரு நாதி இல்லை பாரு.

"பட்டாசு ஆபீஸ்ல போர்மேனா இருந்த ஆளுக்கு வெளிநாட்டு விவகாரம் என்னத்துக்கு மாமா?"ன்னு நீ சிரிக்கிறது தெரியுது. வேற யாருக்குய்யா தெரியும்? கோட்டுப் போட்டுக்கிட்டு ஐ.நா.வுல உக்காந்திருக்கவுகள்ல எத்தனை பேரு மருந்தைக் கையால தொட்டிருக்காக?

மருந்து ரூமை நீ எங்க பாத்தே, காலேஜுக்குப் போயிட்டே. சொல்றேன் கேளு. சின்ன அறை. உள்ள நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. நாலு பக்கமும் கதவு, எல்லாம் வெளிப்பக்கமாத் திறக்கும். வேலை நடக்கிறப்ப ஒரு கதவையும் தாழ் போடக் கூடாது. வாசல்ல செம்புத் தகடு பதிச்சிருக்கும். அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள கால் வைக்கணும். உடம்புல ஏறியிருக்கிற மின்சாரம் அதுல இறங்கிரும். இரும்புச் சாமான் ஆகாது. நைலான் துணி ஆகாது. கலவை போடுறது வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிஞ்சிரணும். அலுமினியப் பவுடர் ஒட்டிச் சாயங்காலம் பஸ் ஏறுற பொம்பளையாளுக முகமெல்லாம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும் பாத்திருப்பே. அவுகளைக் கேளு, இந்த விதியையெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாக. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: மிச்ச மருந்தை உள்ள வச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகாதே. ராத்திரி ஈரம் கோத்துக்கிட்டு, அது பாட்டுக்குச் சூடு ஏறி, காலையில கதவைத் திறக்கிறவன் பேரு மறுநாள் பேப்பர்ல வந்துரும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசு ஆபீஸ் வெடிச்சு முப்பது உசுருக்கு மேல போச்சே, அதுல எல்லாரும் அங்க வேலை பாத்தவுகன்னா நினைக்கிறே? புகையைப் பாத்துட்டு என்னன்னு பாக்க ஓடினவுக, தூக்கிவிடப் போனவுக எத்தனை பேரு! அந்த ஊர்ல போய்ப் "போட்டுத் தள்ளணும்"னு சொல்லிப் பாரு. டீ கிடைக்காது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அறைக்கு நாலு கதவு எதுக்கு? உள்ள இருக்கவன் எந்தப் பக்கம் நெருப்பைப் பாத்தாலும் எதிர்ப் பக்கம் ஓடணும். நாடும் நாடும் மல்லுக்கு நிக்கிறப்ப எதிராளிக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறவன்தான் விவரமான ஆளு. எதிராளிக்குப் பூட்டினா உனக்கும் சேத்துத்தான் பூட்டு. ரெண்டு பேரும் ஒரே ரூமுக்குள்ளதானே இருக்கீக.

1962 தீபாவளி. உங்கம்மாவே அப்பப் பிறக்கலை. அக்டோபர் 27, சனிக்கிழமை. எம்.ஜி.ஆருக்கு விக்கிரமாதித்தன், சிவாஜிக்கு பந்த பாசம், ரெண்டும் அன்னைக்குத்தான் ரிலீஸ். வடக்க சீனாக்காரன் இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. கோட்டையில நம்ம விருதுநகர்க்காரர் காமராஜர் முதலமைச்சர். நான் டவுசரைப் பிடிச்சுக்கிட்டு ஓலை வெடி போட்டுக்கிட்டு அலைஞ்ச பய. அன்னைக்கு ராத்திரி மிச்சம் மீதி மத்தாப்பை நாங்க கொளுத்திக்கிட்டிருந்த நேரத்துலதான் கியூபாவுக்கு மேல பறந்த அமெரிக்க உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்தினாக. விமானி செத்துப்போனாரு. உலகம் முடியப்போறது தெரியாம உலகத்துலயே அதிகமா வெடி வெடிச்சவங்க நாமதான்.

ரஷ்யாக்காரன் கியூபாவுல ஏவுகணை கொண்டாந்து இறக்கிட்டான். அமெரிக்காக்காரன் கடலை மறிச்சுக்கிட்டான். இந்தப் பக்கம் கென்னடி, அந்தப் பக்கம் குருஷ்சேவ். குருஷ்சேவ் ரெண்டு கடுதாசி போட்டாரு. 26-ந் தேதி வந்தது மனசு விட்டு எழுதினது: கியூபா மேல படையெடுக்க மாட்டேன்னு நீ சொல்லு, நான் எடுத்துட்டுப் போயிர்றேன்னு. மறுநாள் வந்தது முறைப்பானது: துருக்கியில நீ வச்சிருக்கிற ஏவுகணையை முதல்ல எடுன்னு. கென்னடி என்ன பண்ணினாரு தெரியுமா? ரெண்டாவது கடுதாசி வராத மாதிரி இருந்துக்கிட்டு முதல் கடுதாசிக்குப் பதில் போட்டாரு! உங்க அத்தை என்கிட்ட இப்படித்தான். நான் கோவத்துல பேசினது அவ காதுல விழவே விழாது.

அன்னைக்கு ராத்திரி, நம்ம ஊர்ல ஞாயிறு விடிகிற நேரம், கென்னடியோட தம்பி ராபர்ட்டு சோவியத் தூதர் தோப்ரினினைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு: துருக்கிச் சரக்கையும் சில மாசத்துல எடுத்துர்றோம், ஆனா இது வெளிய தெரியக் கூடாதுன்னு. மறுநாள் மாஸ்கோ ரேடியோ ஏவுகணையைத் திருப்பி எடுக்கிறதா அறிவிச்சிருச்சு. 1963 ஏப்ரலுக்குள்ள துருக்கிச் சரக்கும் காலி. கென்னடி சாகிற வரைக்கும் அந்தப் பேரத்தைப் பத்தி மூச்சு விடலை. "நான்தான் ஜெயிச்சேன், அவன் கால்ல விழுந்தான்"னு எகத்தாளம் பேசக் கூடாதுன்னு தன் ஆளுகளுக்கும் சொல்லி வச்சாரு. எதிராளி ஓடின கதவுக்கு முன்னாடி நின்னு கை தட்டக் கூடாதுங்கிறது அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இதுல ஒரு கூத்து கேளு. தோப்ரினின் மாஸ்கோவுக்குத் தந்தி கொடுக்கணும்னா, தந்திக் கம்பெனிப் பையன் சைக்கிள்ல வந்து வாங்கிட்டுப் போவான். உலகம் இருக்குமா போகுமாங்கிற சேதி ஒரு பய சைக்கிள்ல போகுது. வழியில எந்தப் பொண்ணுகிட்டயாவது பேச நின்னுருவானோன்னு கவலைப்பட்டதைத் தூதரே பின்னால எழுதி வச்சிருக்காரு. அந்தப் பய நிக்கலை. நின்னிருந்தா நீ இல்லை, நான் இல்லை, இந்த டீக்கடை இல்லை.

உடனே அந்தக் காலத்து ஆளுகளைப் படம் போட்டு மாலை போட்றாதே. துப்புக்கெட்ட வேலையும் பாத்திருக்காக. அதே 27-ந் தேதி கடலுக்கு அடியில பி-59ன்னு ஒரு சோவியத் நீர்மூழ்கி. உள்ள அணுகுண்டு பொருத்தின டார்ப்பிடோ. அது இருக்கிறது மேல இருந்த அமெரிக்கக் கப்பல்காரனுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு "மேல வா"ன்னு சின்ன வெடியாப் போட்டுக்கிட்டிருக்கான். உள்ள வெக்கை, காத்து இல்லை, மாஸ்கோவோட தொடர்பு இல்லை. சண்டை வந்திருச்சு போலன்னு கேப்டன் கொதிச்சுட்டாரு. கூட இருந்த வசீலி ஆர்க்கிப்போவ்ங்கிற அதிகாரி வேண்டாம்னாரு. அவ்வளவுதான். மருந்து ரூம்ல அப்படி ஒரு போர்மேன் இருந்தா முதலாளி நிம்மதியாத் தூங்கலாம். ஆனா அவருக்கு யாரும் அன்னைக்கு மாலை போடலை. நடக்காத விபத்துக்கு யார் மாலை போடுவா?

இவ்வளவுக்கும் அப்புறம்தான் புத்தி வந்து 1963 ஜூன்ல ரெண்டு பேரும் நேரடித் தொடர்பு வச்சுக்கிறதுன்னு ஒப்பந்தம் போட்டாக. சினிமாவுல காட்டுற சிவப்பு டெலிபோன் இல்லப்பா அது. தட்டச்சு மிஷின். வாயால பேசினா சூடு வரும், எழுதினா ஒரு தடவை யோசிச்சுத்தான் எழுதணும். அவன் அவன் பாஷையில எழுதுவான். நீ ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல எழுதுறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்க.

காமராஜரையும் இதுல சேத்துக்கலாம். யாரு வந்து என்னத்தைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்". சரின்னும் இல்லை, முடியாதுன்னும் இல்லை, வந்தவன் கோவிச்சுக்கிட்டும் போக மாட்டான். இந்த வித்தைக்கு வெளிநாட்டுக்காரன் பெரிய படிப்பெல்லாம் வச்சிருக்கானாம்.

நம்ம வீட்டுச் சண்டைக்கு வருவோம். 1974-ல பொக்ரான்ல நாம ஒண்ணை வெடிச்சோம். அந்தப் பக்கம் பாகிஸ்தான்காரனும் ஒளிச்சு ஒளிச்சு வேலை பாத்தான். 1986 கடைசியில ராஜஸ்தான்ல ராணுவப் பயிற்சின்னு பெரும் படையைக் கொண்டுபோய் இறக்கினது நம்ம செங்கல்பட்டுக்காரர், தளபதி சுந்தர்ஜி. பிராஸ்டாக்ஸ்னு பேரு. பயிற்சியா, படையெடுப்பான்னு பாகிஸ்தான்காரனுக்குப் புரியலை. அவனும் படையை நகத்தினான். 1987 பிப்ரவரியில அங்க ஜனாதிபதியா இருந்த ஜியா உல் ஹக் என்ன பண்ணினாரு? "கிரிக்கெட் பாக்க வர்றேன்"னுட்டு ஜெய்ப்பூருக்கு வந்து இறங்கிட்டாரு! அந்த மனுசனை நல்லவர்னு நான் சொல்லலை. சொந்த நாட்டுல அவர் பண்ணினதுக்கு அவருக்குச் சிலை வைக்க முடியாது. ஆனா கதவு இல்லாத சுவத்துல ஒரு கதவை இடிச்சுக்கிட்டு வந்த சாமர்த்தியத்தை ஒத்துக்கணும். படையும் வாபஸ் ஆச்சு. சுந்தர்ஜி ஓய்வு பெத்துட்டு 1993-ல இந்தியா பாகிஸ்தான் அணுகுண்டுச் சண்டையைக் கற்பனை பண்ணி இங்கிலீசுல ஒரு நாவலே எழுதினாரு. அவர் குண்டு வேண்டாம்னு சொன்ன கட்சி இல்லை, வேணும்னவர்தான். இந்துஸ்தானத்துக் குருடர்கள்னு பேர் வச்சாரு பாரு அந்த நாவலுக்கு, நம்மாளு லேசுப்பட்ட ஆளு இல்லை.

அதுக்கு அடுத்து நடந்ததைத்தான் நீ மனப்பாடம் பண்ணணும். 1988 டிசம்பர் 31, இஸ்லாமாபாத். ராஜீவ் காந்தியும் பெனசீர் புட்டோவும் இருந்து ஒரு ஒப்பந்தம் போட்டாக. ஒருத்தர் அணு நிலையத்தை இன்னொருத்தர் தாக்கக் கூடாது. எந்த நிலையம் எங்க இருக்குன்னு அட்சரேகை தீர்க்கரேகையோட வருசா வருசம் ஜனவரி 1-ந் தேதி ரெண்டு பேரும் காகிதம் மாத்திக்கணும். 1991-ல நடைமுறைக்கு வந்துச்சு. 1992-ல இருந்து மாத்திக்கிட்டு வர்றாக. இன்னைக்கு வரைக்கும் ஒரு வருசம்கூட விட்டதில்லை.

யோசிச்சுப் பாரு. 1998 மே மாசம் நாம 11-ந் தேதியும் 13-ந் தேதியும் பொக்ரான்ல வெடிச்சோம். அவன் அதே மாசம் 28-ல சாகாய்லயும் 30-ல கரான் பாலைவனத்துலயும் வெடிச்சான். அடுத்த ஜனவரி, காகிதம் போச்சு, வந்துச்சு. 1999 பிப்ரவரியில வாஜ்பாய் பஸ் ஏறி லாகூருக்குப் போனாரு. கையெழுத்து, கட்டிப்பிடி, கவிதை எல்லாம் ஆச்சு. மூணு மாசத்துல கார்கில். அடுத்த ஜனவரி, காகிதம் போச்சு, வந்துச்சு. 2001 டிசம்பர் 13-ல நாடாளுமன்றத்துல தாக்குதல். ரெண்டு பக்கமும் லட்சக்கணக்குல படை எல்லையில நிக்குது. பத்தொன்பதே நாள் கழிச்சு ஜனவரி 1. காகிதம் போச்சு, வந்துச்சு. மும்பை, புல்வாமா, எதுக்கும் நிக்கலை. 2025-ல அத்தனை ட்ரோனும் ஏவுகணையும் பறந்ததுக்கு அப்புறம் 2026 ஜனவரி 1-லயும் மாத்திக்கிட்டாக. அதே நாள் ரெண்டு பக்கமும் சிறையில இருக்கிற கைதிக, மீனவங்க பட்டியலையும் மாத்திக்குவாக.

பஸ்ல போன மாலையும் மேளமும் கார்கிலை நிறுத்தலை. ஒரு கிளார்க்கு கொண்டுபோற காகிதம் நிக்காம நடக்குது. எந்த டிவியாவது இதை வச்சு ராத்திரி ஒன்பது மணிக்குச் சண்டை போட்டிருக்கானா? போட மாட்டான். கத்துறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை.

தெக்க கூடங்குளம், வடக்க கல்பாக்கம். நடுவுல நாம. மின்சாரம் எடுக்கிற அணு உலையெல்லாம் அந்த ஒப்பந்தத்துக்குள்ள வரும்னு அதுலயே எழுதியிருக்கு. பக்கத்து வெடிமருந்து மேகசின்ல என்ன சரக்கு இருக்கு, எத்தனை அடி தள்ளி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நம்ம ஆபீஸ்காரன் தூங்குவான். இதுவும் அதுதான்.

அதுலயும் ஓட்டை உண்டு, இல்லேங்கலை. 2005 அக்டோபர்ல பாலிஸ்டிக் ஏவுகணையைச் சோதிச்சுப் பாக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும்னு ஒப்பந்தம் போட்டாக. 2022 மார்ச் 9-ல நம்ம பக்கம் ஒரு பிரம்மோஸ் தவறுதலாக் கிளம்பிப்போய் மியான் சன்னு பக்கத்துல விழுந்துருச்சு. அது பாலிஸ்டிக் இல்லையே, குரூஸ். காகிதத்துல அதுக்கு இடமே இல்லை. மறுநாள் அவன் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுச் சொன்னான். நாம 11-ந் தேதி "தொழில்நுட்பக் கோளாறு"ன்னு ஒத்துக்கிட்டோம். ஆகஸ்ட்ல விமானப்படை அதிகாரிக மூணு பேர் வேலை போச்சு. நம்ம பக்கம் மருந்து ரூம் வெடிச்சா "உராய்வு"ன்னு ரெண்டு வரியில பேப்பர்ல வரும்ல, அதே சுருக்கம். அன்னைக்குப் பாகிஸ்தான்காரன் பொறுத்துக்கிட்டது நம்ம அதிர்ஷ்டம். குண்டு வைக்காத ஏவுகணைங்கிறது இன்னும் பெரிய அதிர்ஷ்டம்.

இனி உன் காலத்து வீரங்களைப் பாப்போம். 2018 ஜனவரியில அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப்பு ட்விட்டர்ல என்ன எழுதினாரு? வட கொரியா கிம்மோட பொத்தானைவிட என் பொத்தான் பெருசு, என்னது வேலை செய்யும்னு. உலகத்துலயே பெரிய மேகசின் சாவியை இடுப்புல வச்சிருக்கிற ஆளு பேசுற பேச்சா அது? அப்புறம் ஜூன் 12-ல சிங்கப்பூர்ல ரெண்டு பேரும் கை குலுக்கினாக. முதல் நாள் ராத்திரி அந்த ஊர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அவர் அப்பா தமிழர், கிம்மை ஊர் சுத்திக் காட்டிச் செல்ஃபியும் எடுத்துட்டாரு. நம்ம வகையறாவுக்கு விருந்தாளியைக் கவனிக்கச் சொல்லியா கொடுக்கணும்? அடுத்த பிப்ரவரியில ஹனோய்ல மறுபடி கூடினாக. போட்ட சாப்பாட்டு மேஜையில உக்காராமலே கலைஞ்சு போயிட்டாக. கிம்மோட குண்டு கிம்கிட்டயே இருக்கு. செல்ஃபி பாலகிருஷ்ணன்கிட்ட இருக்கு.

ஈரான் கதை இன்னும் மோசம். 2015 ஜூலையில ஏழு நாட்டுக்காரங்க வியன்னாவுல நாள் கணக்கா உக்காந்து, யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல செறிவூட்டக் கூடாது, 300 கிலோவுக்கு மேல வைக்கக் கூடாது, ஆய்வாளர் வந்தா கதவைத் திறக்கணும்னு எழுதினாக. நம்ம டி.ஆர்.ஓ. லைசென்ஸ் மாதிரியே கறாரான காகிதம். 2018 மே 8-ல டிரம்ப்பு அதைக் கிழிச்சுப் போட்டாரு. அடுத்த மாசமே சிங்கப்பூருக்குக் கை குலுக்கக் கிளம்பிட்டாரு! லைசென்ஸ் போன ஆபீஸ்காரன் என்ன பண்ணுவான்? ஈரான் 60 சதவீதம் வரைக்கும் போயிருச்சு. 2025 ஜூன்ல இஸ்ரேல் அடிச்சுது, அப்புறம் அமெரிக்கா அடிச்சுது. அதுக்கு முன்னாடி 60 சதவீதச் சரக்கு மட்டும் 400 கிலோவுக்கு மேல இருந்துச்சுன்னு கணக்கு. அடிச்சதுக்கு அப்புறம் ஆய்வாளர் உள்ள போய்ச் சரிபாக்க வழி இல்லாமப் போச்சு. மிச்ச மருந்தை அறைக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, எண்ணிப் பாக்கிறவனையும் வெளிய அனுப்பியாச்சு.

1987-ல அமெரிக்காவோட ரீகனும் ரஷ்யாவோட கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தத்துல 2,692 ஏவுகணையை உடைச்சுப் போட்டாக. இவன் ஆளு அவன் ஊர்ல போய் எண்ணினான், அவன் ஆளு இவன் ஊர்ல வந்து எண்ணினான். 2019 ஆகஸ்ட்ல அதுவும் செத்துப் போச்சு. ஆளுக்கு 1,550 குண்டுக்கு மேல ஏவுகணையில ஏத்தி நிறுத்தக் கூடாதுன்னு 2010-ல போட்ட காகிதத்துக்கும் 2026 பிப்ரவரி 5 வரைக்கும்தான் ஆயுசு இருந்துச்சு. காகிதத்துக்கு மரியாதை போன காலம் இது.

நம்ம மே மாசச் சண்டை நின்ன விதத்தையும் பாரு. மே 10-ந் தேதி மத்தியானம் 3.35-க்கு பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைவர் நம்ம ராணுவ நடவடிக்கைத் தலைவருக்குப் போன் போட்டாரு. 5 மணியில இருந்து நிறுத்திக்கிறதுன்னு பேசி முடிச்சாச்சு. ரெண்டு பட்டாளத்துக்காரங்க, பழைய கம்பி, பழைய வழக்கம். ஆனா நம்ம வெளியுறவுச் செயலர் டிவியில வந்து வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே டிரம்ப்பு நான்தான் நிறுத்தினேன்னு போன்ல போட்டுட்டாரு. நாம இல்லேங்கிறோம், அவரு ஆமாங்கிறாரு. கென்னடி வாயைப் பூட்டிக்கிட்டு துருக்கிச் சரக்கை எடுத்தாரு. இவரு வாயைத் திறந்துக்கிட்டு, எடுக்காததையும் எடுத்தேங்கிறாரு. யார் நிறுத்தினாகங்கிற சண்டை, நடந்த சண்டையைவிட நீளமாப் போச்சே மருமகனே!

ஏன் இப்படி? கென்னடி 1943-ல கடற்படையில இருந்தப்ப ராத்திரியில ஜப்பான்காரன் கப்பல் மோதிப் படகு ரெண்டாப் பிளந்து, கடல்ல நீந்திக் கரை சேந்த ஆளு. குருஷ்சேவ் ஸ்டாலின்கிராட்ல இருந்தவரு. மூத்த மகன் விமானி, போர்ல போயிட்டான். ரெண்டு பேரும் யோக்கியனா இல்லையாங்கிறது வேற கதை. நெருப்பைப் பக்கத்துல இருந்து பாத்தவுக. எங்க ஆபீஸ்ல ஒரு தடவை தப்பிச்சு வந்தவனை மருந்து ரூமுக்குப் போர்மேனாப் போட்டா அந்த ரூம்ல ஒருத்தன் சத்தமாச் சிரிக்கக்கூட மாட்டான். இன்னைக்குப் பொத்தானுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கவுக பாதிப் பேரு நெருப்பைப் பாத்தது டிவியில. நீயும் அதே டிவியிலதான் பாக்குறே. அதனாலதான் ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுறீக.

சுவீடன்ல சிப்ரின்னு ஒரு நிறுவனம் வருசா வருசம் கணக்கு எடுக்குது. 2025 கணக்குப்படி நம்மகிட்ட 180, பாகிஸ்தான்கிட்ட 170, உலகம் பூரா 12,000-க்கு மேல. நம்ம ஊர்ல ஆடி மாசத்துல இருந்து குடோன்ல சரக்கு அடுக்குவாக, தீபாவளி வந்தா காலி. இந்தச் சரக்குக்குத் தீபாவளியே கிடையாது. வரக் கூடாது. வித்துக் காசாக்கவும் முடியாது, கொளுத்திப் பாக்கவும் முடியாது, வச்சிருக்கவனுக்குத் தூக்கமும் கிடையாது. இப்படி ஒரு சரக்கை எந்த அண்ணாச்சியாவது கடன் வாங்கிக் கொள்முதல் பண்ணுவாரா? நாடுக பண்ணுதே!

நான் பேப்பரைக் கையில எடுத்தா முதல்ல பாக்கிறது விருதுநகர் மார்க்கெட் நிலவரம். மல்லி என்ன விலை, துவரை என்ன விலை. அப்புறம்தான் மத்தது. ஜனவரி 2-ந் தேதி மட்டும் உள்பக்கம் எல்லாத்தையும் மூலை முடுக்கு விடாமப் பாப்பேன். இந்தியாவும் பாகிஸ்தானும் அணு நிலையப் பட்டியலை மாத்திக்கிட்டாங்கன்னு எங்கிட்டாவது சின்னதாப் போட்டிருப்பான். அடுத்த ஜனவரியில நீயும் தேடிப் பாரு. இருந்துச்சுன்னா அதை உன் வாட்ஸ்அப்ல நாலு பேருக்கு அனுப்பு. இல்லேன்னா ராத்திரின்னு பாக்காம எனக்குப் போன் போடு.